கடையா, குடையா

வேர்ட்பிரஸ் தளத்துக்குள் நுழைந்து பதிவுகள் பக்கத்தைத் திறந்தால் மேலே ஒரு வரி வரும். அனைத்தும், வெளியானவை, வரைவுகள், குப்பை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். போன வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, ரொம்ப காலத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெளியானவை 161. வரைவுகள் 214.

அந்த 214 கட்டுரைகளையும் வரைவுக்குத் தள்ளியவன் நான். 2012-ல்.

அன்று சாயங்காலம்தான் அக்கா போன் செய்திருந்தார். "தம்பி, அப்பா எழுதுனதெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமாக் கொண்டு வரலாம்னு இருக்கோம். வெப்சைட்ல பிற்பாடு வந்தது மட்டும்தான் இருக்கு. பழசெல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு அப்பா சொல்லியிருக்காங்க." அவர் அப்பா என்று சொன்னது நாங்கள் சார் என்று கூப்பிட்டவரை. சார் இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"இருக்குக்கா" என்றேன்.

சார் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுபெற்ற வருஷமே, 2006 கடைசியில், ஒரு இணைய இதழ் தொடங்கினார். உறவுக்காரப் பையன் ஒருவன் வேர்ட்பிரஸ்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். அதற்குப் பிறகு எல்லாம் சார்தான். மாதம் மூன்று நான்கு பதிவுகள். மற்றவர்கள் எழுதியதும் வரும். ஆனால் அந்த இதழுக்காக நாங்கள் காத்திருந்தது அவர் எழுதியதற்கு. முக்கியமாக, தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடம் உட்கார்ந்து பேசி அவர் எடுத்த பேட்டிகள். கேள்விகளை அநேகமாக வெட்டிவிடுவார். அந்த அம்மாக்கள் பேசியது பேசியபடி வரும், நடுவில் எங்காவது ஒரு வரி சார் சொல்வது. அந்த நடை எங்கிருந்து வந்தது என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்ட காதாக இருக்கலாம்.

நான் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் அதைப் படித்தவன். 2009-ல் என் முதல் கட்டுரையை அவருக்கு அனுப்பினேன். தலைப்பை மாற்றி, கடைசி இரண்டு பத்தியை வெட்டிப் போட்டிருந்தார். வெட்டியது சரிதான் என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

வேர்ட்பிரஸ்ஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவே கைவிடப்பட்ட ஒரு வீட்டின் மேல் கட்டியதுதான். பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் பராமரிப்பதை நிறுத்திவிட, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த இரண்டு பேர், மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும், அதன் நிரலைப் பிரித்தெடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27-ல் முதல் பதிப்பு வந்தது. நிரல் தெரியாத ஒரு ஆள் தன் எழுத்தைத் தானே வெளியிட்டுக்கொள்ள முடிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். எழுதுகிறவருக்கு ஒரு பெட்டி, ஒரு பொத்தான். அந்தப் பெட்டிக்குப் பின்னால் எழுத்து எங்கே போகிறது, எந்த வடிவில் உட்கார்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சாருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2012 சித்திரையில் சார் கூப்பிட்டார். பழைய ஹோஸ்டிங் கம்பெனி கட்டணத்தைக் கூட்டிவிட்டது, தளமும் அடிக்கடி படுத்துவிடுகிறது, திங்கட்கிழமையோடு கணக்கு முடிகிறது. "நீங்க கம்ப்யூட்டர் ஆளு தம்பி. வேற இடத்துக்கு மாத்த முடியுமா?"

வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதெல்லாம் ஒரு மணி நேர வேலை என்ற திமிர் இருந்தது. உண்மையில் அது ஒரு மணி நேர வேலைதான். வேர்ட்பிரஸ் தளத்தை இடம் மாற்றுவது என்றால் மூன்று சாமான். கோப்புகள், படங்கள், தரவுத்தளம். மூன்றையும் கட்டி எடுத்துப் புது இடத்தில் இறக்கி, முகவரியை மாற்றினால் முடிந்தது. எழுத்து முழுக்க இருப்பது மூன்றாவதில்.

ஞாயிறு மத்தியானம் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து புது இடத்தில் இறக்கினேன். தளம் திறந்தது. ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அதற்கடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', அதற்கடுத்து ஏதோ ஒரு குறி, மறுபடியும் 'ஏ', மறுபடியும் வட்ட 'ஆர்'. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் யாரோ ஒரு கம்பெனி தன் பேரில் பதிவு செய்துகொண்ட மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இந்த ஐந்தும் யூடிஎஃப்-8 முறையில் ஆளுக்கு மூன்று பைட், ஆக 15. அந்தக் காலத்தில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் நீங்கள் எதுவும் சொல்லாமல் ஒரு அட்டவணை உருவாக்கினால், அது லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அகரவரிசைக்கு ஸ்வீடிஷ் மொழி, ஏனென்றால் அதை உருவாக்கிய கம்பெனி ஸ்வீடன்காரர்களுடையது. (பாதுகாப்புத் தீக்குச்சியைப் பெரிய தொழிலாக ஆக்கியதும் ஸ்வீடன்தான். கோவில்பட்டி தீப்பெட்டிப் பெண்களின் பேச்சு ஸ்வீடிஷ் வரிசையில் அடுக்கிக் கிடந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சாரிடம் சொல்லியிருப்பேன், ரசித்திருப்பார்.) ஆக, சார் 'தமிழ்' என்று போட்டால் தரவுத்தளம் அதைப் பதினைந்து ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்ளும். திருப்பிக் கேட்டால் அதே பதினைந்தைக் கொடுக்கும். உள்ளே என்ன என்று தெரியாமலே பார்சலை வாங்கிப் பத்திரமாகத் திருப்பித் தரும் குமாஸ்தா மாதிரி. ஐந்து வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

இடம் மாற்றும்போதுதான் வினை. ஏற்றுமதி செய்யும் கருவி, "இது ஐரோப்பிய எழுத்துதானே, யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன்" என்று உதவி செய்தது. பார்சலைப் பிரித்து உள்ளே இருந்ததை மொழிபெயர்த்துவிட்டது.

இதற்குத் தீர்வு ஒரே வரி. ஏற்றுமதி செய்யும்போதே, மாற்றாதே, இருக்கிறபடி லத்தீன்-1 ஆகவே கொடு என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பைத்தானில் பத்து வரி எழுதினேன். ஐரோப்பிய எழுத்துகளை மறுபடி பைட்டுகளாக ஆக்கு, அந்த பைட்டுகளைத் தமிழாக வாசி. யோசனை சரிதான். ஓட்டினேன், பிழை காட்டி நின்றது. இந்த எழுத்துக்கு இந்த அட்டவணையில் இடமில்லை என்றது. ராத்திரி இரண்டு மணி. பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அங்கே ஒரு இடம் உண்டு. அதில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன். இக்னோர்.

ஓடியது. தமிழ் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு வரி வாசித்தேன்.

"அவன வநத கதவரகில நினறான."

என் நிரல் விடையை எழுதியது அதே கோப்பின் மேல். திங்கள் காலை ஆபீஸ் போனேன். சாயங்காலம் பழைய கணக்கு மூடப்பட்டது.

கடைசி எட்டு மாதப் பதிவுகள் சாரின் மின்னஞ்சலில் இருந்தன. அவரே ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினார். அதற்கு முந்தைய 214 பதிவுகளையும், வாசகர் கண்ணில் பட வேண்டாம் என்று, ஒரே கட்டளையில் வரைவாக மாற்றினேன். "ஒரு வாரத்துல சரி பண்ணிடறேன் சார். பழைய சர்வர்ல ஒரு பிரச்சினை."

சார் இரண்டு தடவை கேட்டார். அந்த வருஷம் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல நான் கூப்பிட்டபோது ஒருமுறை. 2014-ல் மதுரை புத்தகக் கண்காட்சியில், டீ குடித்துக்கொண்டே, இன்னொரு முறை. "அவசரமில்ல தம்பி. அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பேட்டி மட்டும் முதல்ல வந்தா நல்லாருக்கும். அதுல ரெண்டு பேரு இப்ப இல்ல." அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் எங்கே எழுதினாலும் படித்துவிட்டுப் போன் செய்வார். பத்து நிமிஷம் பேசுவார். பேச்சு இதழ் பக்கம் திரும்பினால் நான்தான் வேறு எதையாவது எடுப்பேன்.

அவரிடம் பிரதி இருந்ததா என்று கேட்பீர்கள். வேர்டில் தட்டித் தளத்தில் ஒட்டுவார். அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போனபோது, "அதான் நெட்ல ஏத்தியாச்சே" என்று பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். கையெழுத்துப் பிரதி வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. தளம்தான் பத்திரமான இடம் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆக, போன ஐப்பசியில், அந்த 214 வரைவுகளில் ஒன்றைத் திறந்து முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். என்ன காணாமல் போயிருக்கிறது?

நான் பயன்படுத்திய விண்டோஸ்-1252 அட்டவணையில் 256 இடங்கள். அதில் ஐந்து இடங்கள் காலி. தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட் அந்த ஐந்து காலி இடங்களில் எதில் வந்து விழுகிறதோ, அந்த எழுத்து அழியும். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஏ. ஐ. உகரத்தின் சுழி. புள்ளி. இந்த நான்கு மட்டும்தான். ஆகாரத்தின் கால் பிழைத்தது, இகரக் கொக்கி பிழைத்தது, ஊகாரம்கூடப் பிழைத்தது. 247-ல் நான்கு போனால் என்ன என்று தோன்றும். எந்த நான்கு என்று பாருங்கள். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? புள்ளிக்கு அந்த இடம் வந்ததும்கூட ஒரு வரிசையின் விளைவுதான். யூனிகோடில் இந்திய மொழிகளை ஒரே வரிசையில் அடுக்கினார்கள். தேவநாகரியில் விராமம் எந்த வரிசையிலோ, தமிழ்ப் புள்ளியும் அதே வரிசையில்.

இன்னொன்றும் போயிருந்தது. காலியான ஐந்தாவது இடம், வேர்டு தானாகவே போட்டுக் கொடுக்கும் வளைந்த மேற்கோள்குறியில் மூடும் குறிக்கு உரியது. திறக்கும் குறி இருந்தது, மூடும் குறி இல்லை. 214 பதிவுகளிலும் யாரோ பேசத் தொடங்குகிறார்கள், எங்கே முடித்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த ராத்திரி நினைவுக்கு வந்தது ஓலைச்சுவடி. ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும் என்பார்கள். மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். உ.வே.சா. 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு முன்னால் கண்ணெதிரே இருந்த ஓலைகள் அப்படித்தான் இருந்திருக்கும். என்னை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. ஓலையை அரித்தது கரையான். இங்கே அரித்தது நான்.

முதலில் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடினேன். 38 பதிவுகள் முழுசாகக் கிடைத்தன. வேறு பலவற்றுக்கு முகப்புப் பக்கத்தின் நகல் மட்டும் இருந்தது. முகப்பில் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவிலும் முதல் 55 சொற்களைக் காட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிடும். அந்த 55 சொற்களையும் எடுத்து வைத்தேன். எழுதியவர்களைத் தேடிப் பிடித்ததில் 22 பேர் தங்கள் பிரதியை அனுப்பினார்கள். ஒருவர், "அதை நான் எழுதினேனா?" என்று திருப்பிக் கேட்டார்.

தலைப்புகள் கிடைத்த கதைதான் எனக்குப் பிடித்தது. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதிலிருந்து உண்டாக்கும் சுட்டி பார்க்கச் சகிக்காது. சதவீதக் குறி, இரண்டு எழுத்து, மறுபடி சதவீதக் குறி என்று ஒரு முழம் நீளும். சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "என்ன தம்பி இது, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி." நானும் எத்தனையோ பேருக்கு, சுட்டியை ஆங்கிலத்தில் வையுங்கள் என்று அறிவுரை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அசிங்கமான சதவீத வரிசையில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும். என் நிரல் அதைத் தொடக்கூட இல்லை. புள்ளி, உகரம், ஏ, ஐ எல்லாம் அதற்குள் அப்படியே இருந்தன.

ஒரு குறை. சுட்டிக்கு 200 எழுத்துதான் இடம். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து வேண்டும். ஆக 22 குறிகளுக்கு மேல் வெட்டிவிடும். 'கோவில்பட்டியில் ஒரு மழைக்காலம்' என்ற தலைப்பு, 'கோவில்பட்டியில்-ஒரு-மழைக' என்று நின்றிருந்தது. வெட்டிய இடம் சரியாக ஒரு புள்ளி. சிரித்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது 154. சாரின் பிற்காலத்து 161 பதிவுகளையும் தமிழ் விக்கிப்பீடியாவின் மொத்தத் தரவையும் எடுத்து ஒரு சொற்பட்டியல் செய்தேன். ஒவ்வொரு சொல்லிலும் நான்கு எழுத்தையும் நீக்கிப் பார்த்து, எந்தச் சிதைந்த வடிவம் எந்தச் சொல்லிலிருந்து வந்திருக்க முடியும் என்று ஒரு அகராதி. 'வநதான' என்றால் வந்தான்தான், வேறு வழியில்லை. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, முடிந்தால் அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு மறந்த புணர்ச்சி விதிகளை நிபந்தனை வரிகளாக எழுதிக்கொண்டிருந்தேன். குற்றியலுகரம் எதற்குப் பயன்படும் என்று அப்போது கேட்டவன்.

பத்தில் ஒன்பது சொல் தானாகவே சரியாயிற்று. மிச்சம்தான் பாடு. உகரம் போனால் குடி கடி ஆகிவிடுகிறது. புலி பலி ஆகிறது. முடி மடி ஆகிறது. குணமும் கணமும் ஒன்று. முகமும் மகமும் ஒன்று. என்னுடைய 2009 கட்டுரையும் இதில் இருந்தது. பாட்டியைப் பற்றிய ஒரு வரி, "அவள மடியில கை வைததபடி". பாட்டியின் மடியில் கை வைத்தேனா, முடியிலா? எழுதியவனே நான். எனக்குத் தெரியவில்லை.

பேட்டிகளில் நிரல் முழுக்கக் கைவிரித்துவிட்டது. விக்கிப்பீடியாவில் யாரும் கோவில்பட்டிப் பேச்சில் எழுதுவதில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினேன். காலையில் அம்மா கதவைத் திறந்தார். சாரின் மனைவி. எழுபது வயதுக்கு மேல். சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டியவர். அந்தப் பேட்டிகளில் பாதிக்கு அவர்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. சார் அதை எங்கும் எழுதவில்லை.

முன்கூடத்தில் உட்கார்ந்துகொண்டோம். நான் லேப்டாப்பிலிருந்து வாசிப்பேன். தட்டும் இடத்தில் நிறுத்துவேன்.

"அம்மா, இங்க 'ஆறு வயசுல இருந்து கட்டை அடக்குறோம்'னு வருது."

"அடக்குறதா? எதை அடக்க? அடுக்குறது தம்பி. சட்டத்துல குச்சி அடுக்குறது."

நிரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சிதைவு. விக்கிப்பீடியாவில் அடக்கியது அதிகம், அடுக்கியது குறைவு. அப்படி நாற்பது இடத்தில் அது அடக்கி வைத்திருந்தது.

மேற்கோள்குறி இல்லாத இடங்களில் அம்மா இன்னும் உதவியாக இருந்தார். எங்கே பேச்சு முடிந்து சாரின் வரி தொடங்குகிறது என்று காதில் கேட்டே சொன்னார். "இது அந்தக்கா பேசுனது. இதுல இருந்து அவுக." எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அவுக எழுதுனா மூச்சு வேற மாதிரி இருக்கும்" என்றார். பிற்பாடு வேபேக் நகலோடு ஒப்பிட முடிந்த நான்கு இடங்களிலும் அவர் சொன்னதே சரி.

இரண்டாவது தடவை போனபோதுதான் சொன்னேன். சர்வர் பிரச்சினை இல்லை, நான் செய்த தப்பு, அதுவும் சரி செய்ய முயற்சிகூடப் பண்ணாமல் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தேன் என்று. அக்கா கையில் காபி டம்ளரோடு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது, வர வேண்டியதுதான். அம்மா மட்டும் ஏற்கெனவே கேட்ட சங்கதி மாதிரித் தலையாட்டினார்.

"அவுகளுக்குத் தெரியும் தம்பி. ஒருக்க நான்தான், அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்களேன்னேன். 'கேட்டா சங்கடப்படும், அப்புறம் போன் பண்றதையும் விட்டுரும்'னாக."

நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவரே, "அடுத்து என்ன வருது, வாசிங்க" என்றார்.

மூன்று சனி ஞாயிறு. மாசிக்குள் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம். இதற்கிடையில் தளத்தையும் மறுபடி இடம் மாற்றினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, சரியாகச் செய்தால் அது ஒரு மணி நேர வேலைதான். மூலத்தைத் தொடாமல் மூன்று பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கினேன். பழைய சுட்டிகள் ஒன்றைக்கூட மாற்றவில்லை. 'மழைக' அப்படியே நிற்கிறது. யாராவது எங்காவது குறித்து வைத்திருக்கலாம். 2012-ல் முகப்பின் பக்கப்பட்டையிலிருந்து காணாமல் போன இதழ் அறிமுகக் குறிப்பும் தரவுத்தளத்தின் அமைப்பு அட்டவணைக்குள் கிடந்தது. அங்கே வேர்ட்பிரஸ் ஒவ்வொரு துண்டையும் அதன் நீளத்தோடு சேர்த்து எழுதி வைக்கும், இத்தனை பைட் என்று. எண்ணிக்கை குறைந்தால் எதையும் காட்டாது. புள்ளிகள் போனதால் எண்ணிக்கை உதைத்து, குறிப்பு முழுசாக மறைந்திருந்தது. குறைந்த பைட்டுகளைக் கணக்குப் போட்டே, எத்தனை புள்ளியும் உகரமும் போயிருக்கும் என்று சரிபார்க்க முடிந்தது.

கடைசியில் 17 இடங்கள் நின்றன. இரண்டு வாசிப்பும் பொருந்துகிற, யாராலும் தீர்க்க முடியாத இடங்கள். பழைய பதிப்பாசிரியர்கள் இதற்குப் பாடபேதம் என்று அடிக்குறிப்புப் போடுவார்கள். வேர்ட்பிரஸ்ஸில் அதற்கு இடமில்லை. ஒரு பதிவுக்கு ஒரே ஒரு உடல்தான் உண்டு. ஆனால் ஒவ்வொரு பதிவோடும் நாமாக ஒரு பெயர் வைத்து ஒட்டிக்கொள்ளக்கூடிய தனிப் புலம் என்று ஒன்று இருக்கிறது. விலை, பக்க எண், என்ன வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். 'பாடம்' என்ற பெயரில் ஒன்றை உண்டாக்கினேன். வார்ப்புருவில் சின்ன மாற்றம். அந்தச் சொல்லின் அடியில் புள்ளிக்கோடு வரும், விரலால் தொட்டால் மற்ற வாசிப்பு தெரியும்.

பதினாறில் பெரிய சண்டை இல்லை. பதினேழாவது சார் தன் அப்பாவைப் பற்றி எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தி.

"அபபா எனககெனற விடடப போனத அநதக கடை ஒனறதான. மழை வநதால இபபோதம நினைபப வரம."

அப்பா எனக்கென்று விட்டுப் போனது அந்தக் கடை ஒன்றுதான். இல்லையென்றால், அந்தக் குடை ஒன்றுதான்.

"கடைதான்" என்றார் அக்கா. "தாத்தா பெட்டிக்கடை வெச்சிருந்தாங்கல்ல."

"மழைன்னு வருதுக்கா" என்றேன்.

"மழை வந்தா கடைத் தாழ்வாரத்துலதான் எல்லாரும் ஒதுங்குவாங்க. அப்பா சொல்லியிருக்காங்க."

அம்மாவைப் பார்த்தேன். "கடையும் இருந்துச்சு" என்றார். "குடையும் இருந்துச்சு. கம்பி வளைஞ்ச குடை. கல்யாணமாகி நான் வந்தப்போ அந்த ஆணியில தொங்கும்." சுவரைக் காட்டினார். ஆணி இப்போது இல்லை.

அந்தக் கட்டுரை வேபேக்கில் இல்லை. முகப்பு நகலில் முதல் 55 சொற்கள் இருக்கின்றன. கடையும் குடையும் வராத 55 சொற்கள். கட்டுரைக்குள் வேறெங்கும் இந்தச் சொல் இல்லை. மூன்று பேரும் அரை மணி நேரம் பேசினோம். மேலே கடை, தொட்டால் குடை என்று வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

பங்குனியில் 214 பதிவுகளும் வெளியாயின. புத்தக வேலையை அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் அம்மா போன் செய்தார். பேரன் போனில் தளத்தைத் திறந்து காட்டியிருக்கிறான்.

"அந்தக் கடைசி வரி தம்பி. மேல எதைப் போட்டிருக்கீக?"

"கடைம்மா. தொட்டா குடைன்னு வரும்."

"சரி சரி. ரெண்டும் இருக்குல்ல." வேறு என்னவோ பேசினார். வெயில், அக்காவின் முழங்கால் வலி, அடுத்த வீட்டில் போடும் போர். வைக்கப்போகிற நேரத்தில், "அவுக குடையத்தான் எழுதியிருப்பாக" என்றார்.

மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், வேணாம். பிள்ளை கடைன்னு சொல்லுதுல்ல. இருக்கட்டும்."